கடைசிப் பக்கத்துப் பெயர்

பத்திரிகையின் பொன்விழா மலரின் கடைசிப் பக்கத்தில், அடியில், ஒரே ஒரு வரி மட்டும் படிக்க வரவில்லை.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பொடி எழுத்தில் ஓடுகிற வரி. எந்தப் பத்திரிகையிலும் எவரும் படிக்காத வரி. அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், இதில் வரும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு இன்னார் என்று சொல்லும் வரி. கமா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், புரூஃப் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். மை கசியவில்லை, எழுத்து உடையவில்லை. கோடும் சுழியும் கறுப்பாக, தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் அவை எழுத்தாக மாட்டேன் என்றன.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் இருபது வருஷமாகத் துணையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, யார் எதை எழுதிக் கொடுத்தாலும் நாலு கமாவாவது சேர்க்காமல் கீழே வைக்காத மனிதர் என்பதால் ஆபீசில் அவர் கமாதான். வீட்டிலும் மனைவிக்குக் கோபம் வந்தால் அந்தப் பெயர்தான்.

"ஃபோர்மேன், இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்களேன்."

ஃபோர்மேன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார். "நல்லாத்தானே சார் இருக்கு. ஆசிரியர்னு உங்க பேருதான் மொதல்ல நிக்குது. அதுவுமா கண்ணுக்குத் தெரியல?"

"வெளிச்சம் பத்தல போல."

"சந்தோஷத்துல கண்ணு கலங்கியிருக்கும் சார்," என்று சிரித்தபடி அவர் இயந்திர அறைக்குத் திரும்பினார். கமாவும் சிரித்துவைத்தார். மழை மூன்று மணிக்கே பொழுதைச் சாய்த்துவிட்டிருந்தது. கூரைத் தகரத்தின் மேல் அது ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, ஈரக் காகிதமும் மண்ணெண்ணெயும் மையும் சேர்ந்த பழைய வாடைக்கு நடுவே இன்னொரு வாடையும் இன்று வந்திருந்தது. வெகுநாள் காயாமல் மடித்து வைத்த கம்பளியின் வாடை. இந்தக் கட்டடத்தில் கம்பளி என்று ஒன்று கிடையாது.

பத்திரிகைக்கு ஐம்பது வயது. அதற்காக ஒரு பொன்விழா மலர். மலருக்காக ஒரு வரலாறு. வரலாற்றை எழுதும் வேலை கமாவின் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, அவரே தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்கு அதில் சொந்தக் காரியமும் இருந்தது. வெள்ளைக்கார ஆட்சியில் இந்தப் பத்திரிகை அரசாங்கத்தைத் திட்டி எழுதியதற்காகச் சிறைக்குப் போனவர் அவருடைய மனைவியின் தாத்தா, மாமியாரைப் பெற்ற தகப்பன்.

அந்த மனிதர் ஒரு வரிகூட எழுதியவரில்லை. எழுதவே தெரியாது. அச்சு இயந்திரத்தின் பெரிய இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்றுகிற வேலை அவருக்கு. அந்தக் காலத்துச் சட்டப்படி யார் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதோ அவரைத்தான் போலீஸ் பிடிக்கும். ஆகவே விவரம் தெரிந்த பத்திரிகை முதலாளிகள், எந்த ஆள் இல்லாவிட்டால் பத்திரிகை ஓடாதோ அந்த ஆளின் பெயரை அங்கே போடமாட்டார்கள். சக்கரம் சுற்ற வேறு ஆள் கிடைப்பான். பெரிய முதலாளி, அதாவது இப்போதைய முதலாளியின் அப்பா, சக்கரக்காரரை மாஜிஸ்திரேட் முன்னால் கூட்டிப்போய்க் கைநாட்டு வைக்கச் செய்தார். அன்றிலிருந்து அவர்தான் ஆசிரியர், அவர்தான் வெளியீட்டாளர். தினமும் சாயங்காலம் முதல் பிரதி வந்ததும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் சக்கரத்தை விட்டுவிட்டு வந்து, தன் பெயர் என்று காட்டப்பட்ட இடத்தில் பெருவிரலை வைத்துவிட்டுப் போவார். அந்தப் பிரதி மாஜிஸ்திரேட் ஆபீசுக்குப் போகும்.

ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன எழுதியதற்காக என்று அவருக்குத் தெரியாது. நீதிபதி கேட்டபோது, "எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்புங்க" என்று மட்டும் சொன்னாராம். அப்படிச் சொல்லத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெரிய முதலாளி அந்த மாதங்களில் உடம்பு தேற வேண்டி மலைப்பக்கம் ஒரு பங்களாவில் இருந்தார். உடம்பு தேறியது. சக்கரக்காரர் நெஞ்சில் சளி கட்டிச் சிறையிலேயே, ஒரு ஈரக் கம்பளிக்குள், செத்துப்போனார்.

அதோடு முடிந்திருந்தால் அது வெறும் சோகக் கதை. ஆனால் பெயரை மாற்றினால் புதிதாக ஜாமீன் கட்டச் சொல்வார்கள், கட்டினாலும் அனுமதி கிடைக்காது. சிறைக்காரர்களும் மாஜிஸ்திரேட் ஆபீசும் ஒருவரை ஒருவர் எதுவும் விசாரித்துக்கொள்வதில்லை. ஆகவே செத்தவரின் பெயரே கடைசிப் பக்கத்தில் நின்றது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற வரைக்கும் நின்றது. அவர் மனைவியிடம் வாய்விட்டு அழக்கூடாது, துக்கம் காட்டக்கூடாது என்று சொல்லி வைத்தார்கள். செய்தி வெளியே போனால் அத்தனை பேர் பிழைப்பும் போய்விடும் என்றார்கள். சின்னப் பெண்ணிடம், அப்பா வெளியூர் போயிருக்கிறார், வருவார் என்றார்கள்.

அந்தச் சின்னப் பெண்தான் கமாவின் மாமியார். சர்க்கரை வியாதி இப்போது அவள் கண் இரண்டையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வரலாறு எழுதப்போகிறேன் என்று அவர் சொன்ன அன்று அவள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா பேர ஒரு தடவை போட்டுடுங்க மாப்பிள்ளை. செத்துட்டார்னும் போட்டுடுங்க. அதை இதுவரைக்கும் யாருமே சொல்லல."

"கண்டிப்பா போடறேன் அத்தை."

போட்டார். உண்மையில் எழுதத்தான் எழுதினார். முதலாளி அதைப் படித்துவிட்டுத் தாளை மேசையில் மெதுவாக வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் அவரிடம் கஷ்டம். "ஜெயிலுக்குப் போனது எங்கப்பானுதான் ஊரே நெனைச்சுக்கிட்டு இருக்கு. நீங்களும் அப்படியே நெனைங்களேன்," என்றார். பிறகு, பேச்சை மாற்றுகிறவர் போல, "அடுத்த மாசத்திலேர்ந்து நீங்கதான் ஆசிரியர். இந்த மலர்லயே உங்க பேரைப் போட்டுடலாம்," என்றார்.

இருபது வருஷமாக அடுத்தவர் எழுத்துக்குக் கமா போட்டுக்கொண்டிருந்த மனிதருக்குத் தன் பெயரை அச்சில் பார்க்க எவ்வளவு ஆசை இருக்கும் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. கமா அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினார். நிறுவனர் அடக்குமுறைக்கு அஞ்சாமல், இன்முகத்தோடு, சிறை ஏகினார் என்று எழுதினார். கமாக்கள் சரியான இடத்தில் விழுந்திருந்தன. அன்று ராத்திரி மாமியார், "எழுதிட்டீங்களா?" என்று கேட்டபோது, "ஆச்சு அத்தை," என்றார். தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. ஆனாலும் சாப்பிட்டார், படுத்தார், தூங்கியும் போனார்.

நேற்று நடந்தது இதைவிட மோசம். பழைய படங்களுக்கான அச்சுக்கட்டைகளைத் தேடிப் பிளாக் அறையின் மேல் அலமாரியைக் குடைந்தபோது, தீப்பெட்டி அளவில் ஒரு மரக்கட்டை கையில் அகப்பட்டது. அதன் மேல் துத்தநாகத் தகடு அடித்திருந்தது. தகட்டில் படமோ எழுத்தோ இல்லை, வளைந்து வளைந்து போகும் மெல்லிய ரேகைகள் மட்டும். கையில் திருப்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பெருவிரல். செத்தவரின் கைநாட்டைப் பிளாக் எடுத்து வைத்து, தினமும் சாயங்காலம் முதல் பிரதியில் அதை ஒற்றி அனுப்பியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில்.

அதை மாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அவள் விரலால் தடவிப் பார்த்திருப்பாள். கமா அதை முதலாளியிடமும் காட்டவில்லை, வீட்டுக்கும் எடுத்துப் போகவில்லை. தகடு அரிக்கும் அமிலத் தொட்டியில் தானே கொண்டுபோய்ப் போட்டார். மஞ்சளாகப் புகை வந்தது. ரேகைகள் நுரைத்து, ஒவ்வொன்றாகக் கரைந்து, தகடு வழுவழுவென்று ஆகிறவரை நின்று பார்த்தார். யாரும் செய்யச் சொல்லாத வேலை அது. அவராகச் செய்தது.

இப்போது அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு புரூஃப் தாளை மறுபடி இழுத்தார். கம்பளி வாடை கூடியிருந்தது. கடைசி வரிக்கு மேலிருந்த வரியும் இப்போது படிக்க வரவில்லை.

கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்குக் கண் போயாயிற்று. பக்கத்தைப் புரட்டினார். அதிலும் அடியில் நாலைந்து வரிகள் இருண்டிருந்தன. இருண்டிருந்தன என்பதுகூடச் சரியில்லை. அவை அங்கேயே இருந்தன, எறும்பு வரிசை மாதிரி ஒழுங்காக. அவருக்குத்தான் அவை ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பக்கம். பாதி போயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை, "பத்திரிகை" என்று இப்போதுதான் படித்த வார்த்தை, பொருளை உதறிவிட்டு வெறும் கோடாகப் படுத்துக்கொண்டது.

காகித உருளைகள் அடுக்கியிருந்த மூலையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. பலமான இருமல் இல்லை. பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் காத்திருக்கிறவன், தன் இருமலை வாய்க்குள்ளேயே அடக்கப் பார்த்து முடியாமல் விடுகிற இருமல்.

"யாரு?" என்றார் கமா.

அவர் தாள்களைப் பரபரவென்று புரட்டினார். எல்லாப் பக்கமும் போயிருந்தது. விளம்பரம், வாழ்த்துச் செய்தி, முதலாளியின் முன்னுரை எதுவும் படிக்க வரவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும், கறுப்புக்கு நடுவே, ஒரு வாக்கியம் பளிச்சென்று நின்றது. நிறுவனர் அடக்குமுறைக்கு அஞ்சாமல், இன்முகத்தோடு, சிறை ஏகினார்.

அதை அவரால் படிக்க முடிந்தது. அதை மட்டும்.

"சார், பன்னெண்டாம் பக்கத்தைப் பூட்டி மெஷின்ல ஏத்தப்போறோம்," என்று ஃபோர்மேன் கதவருகில் வந்து நின்றார். "ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. ஒரு வரிதானே, அஞ்சு நிமிஷ வேலை."

கமா வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம். இந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, சக்கரக்காரர் பெயரை வை, செத்துப்போனார் என்று வை என்று சொன்னால் ஃபோர்மேன் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார். மலர் வெளிவந்த பிறகுதான் முதலாளிக்கே தெரியும். ஆனால் அதே தாளின் கடைசிப் பக்கத்தில் தன் பெயர் இருக்கிறது. அடுத்த மாதம் அது இருக்காது. ஒருவேளை வேலையும் இருக்காது. மூலையில் இருமல் நின்றுவிட்டிருந்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது மாதிரி அந்த இடமே அமைதியாக இருந்தது.

"ஒண்ணும் மாத்த வேணாம்," என்றார் கமா. "ஓட்டுங்க."

அவர் குனிந்து பார்த்தபோது அந்த வாக்கியமும் போயிருந்தது.

"அப்ப கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார்."

பேனாவை எடுத்தார். ஆயிரம் தடவை போட்ட கையெழுத்து. தூக்கத்தில் எழுப்பினாலும் போடுவார். பேனா தாளைத் தொட்டது, ஒரு புள்ளி வைத்தது, நின்றது. அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. எங்கே வளைய வேண்டும்? எங்கே சுழிக்க வேண்டும்? ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன சார், பெருவிரலாவது வச்சுக் கொடுங்க," என்றார் விளையாட்டாக.

கமாவின் கை தானாக மைப்பலகைக்குப் போனது. பெருவிரலை மையில் உருட்டியது. தாளில் வைத்து, பக்குவமாக, பழகிய கை போல, அழுத்தி எடுத்தது. ஃபோர்மேனின் சிரிப்பு பாதியில் நின்றது. தாளை வாங்கிக்கொண்டு, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

இயந்திரம் கிளம்பியது. தரை அதிர்ந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், இயந்திர அறைச் சுவரோரம் கிடந்த பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. தோளில் கம்பளி. கால் இரண்டையும் சேர்த்து, கையை மடியில் வைத்து, கூப்பிட்டால் எழுந்து வரத் தயாராக உட்கார்ந்திருந்தான். ஃபோர்மேன் அவன் முன்னால் இரண்டு தடவை போனார். பார்க்கவில்லை. சங்கு ஊதுகிற மாதிரி ஒலியெழுப்பி இயந்திரம் வேகம் பிடித்தது. ஆள் எழுந்தான். முகத்தை இந்தப் பக்கம் திருப்பப்போனான்.

கமா பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் ஈரக் கம்பளி வாடை மட்டும் நெருங்கி நெருங்கி வந்தது. முகத்துக்கு நேரே வந்தது. பிறகு இல்லை.

கண்ணைத் திறந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. இருமினார். வாய்க்குள்ளேயே அடக்கப் பார்த்து, முடியாமல்.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது மழை தூறலாகியிருந்தது. கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். பெயர்ப்பலகைகள் எல்லாம் வெறும் வண்ணமாக மின்னின. மருந்துக்கடை எது, துணிக்கடை எது என்று உள்ளே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியில் ஏதோ எழுதியிருந்தது.

"இந்த பஸ் எங்க போகுதுங்க?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். தன் குரல் தனக்கே கரகரத்துக் கேட்டது.

அந்த ஆள் குடைக்குள்ளிருந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதான் எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதாப்பா?"

கமா நடந்தே போனார். செருப்பு காலைக் கடித்தது. எங்கேயோ கழற்றி விட்டுவிட்டார். நாளெல்லாம் பாரம் இழுத்த மாதிரி வலது தோள் இற்று விழுந்தது. தோள் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதை நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை. உள்ளங்கை காய்த்துக் கல்லாக இருந்தது. பயத்தில் மனைவியின் முகத்தை நினைத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இன்று இரவு டியூட்டி, காலையில்தான் வருவாள். அது ஞாபகம் வந்தது. முகம் வர நேரமாயிற்று.

வீடு. படி. கதவு.

மாமியார் கூடத்தில் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குளித்து, தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். மலர் இன்று வரும், படித்துக் காட்டுகிறேன் என்று காலையில் அவர்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெயர் இல்லாத பக்கத்தில் பெயர் இருப்பதுபோல் படித்துவிடலாம், கண் தெரியாதவளுக்கு என்ன தெரியும், மனைவியிடம் பிறகு எதையாவது சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்கை இப்போது விட்டுவிட்டார்.

காலடிச் சத்தம் கேட்டதும் எப்போதும் "மாப்பிள்ளையா?" என்பாள். இன்று சொல்லவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஈரக் கால்கள். ஒரு பக்கம் சாய்ந்த நடை. அடக்கிய இருமல்.

மெதுவாக எழுந்து நின்றாள்.

நான்தான் அத்தை. அதைத்தான் சொல்ல நினைத்தார். நான் தப்புப் பண்ணிட்டேன், உங்கப்பா பேர நான் போடல, மன்னிச்சிடுங்க. நாக்கு புரண்டது. வாய் திறந்தது.

"பாப்பாத்தி," என்றது வாய். "தூங்கலையா?"

அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை.

அவள் காற்றைத் துழாவிக்கொண்டு வந்தாள். கை அவர் மார்பைத் தொட்டது. தோளுக்குப் போனது. கம்பளியைத் தடவியது. முகத்துக்கு வந்தது. நெற்றி, மூக்கு, ஒட்டிய கன்னம். விரல்கள் கன்னத்திலேயே தங்கின.

"அம்மா அழக்கூடாதுன்னு சொன்னாங்கப்பா," என்றாள் சின்னக் குரலில். "நான் ஒரு தடவைகூட அழல."

உள்ளே கமா கத்தினார். அத்தை, நான். நான். தன் பெயரைச் சொன்னால் போதும். பெற்றவர்கள் வைத்த பெயர். தேடினார். அதிருந்த இடத்தில் வளைந்த கோடுகள் கிடந்தன. படிக்க முடியவில்லை.

அவள் அவர் கக்கத்திலிருந்த மலரை உருவி, முகர்ந்து பார்த்து, மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இதுல உங்க பேரு வந்திருக்குப்பா. மாப்பிள்ளை எழுதியிருக்கார். சொன்னா சொன்னபடி செய்வார், ரொம்ப நல்ல மனுஷன். இப்ப வந்துடுவார். வந்ததும் நம்ம ரெண்டு பேருக்கும் படிச்சுக் காட்டுவார்."

அவருடைய மை பூசிய பெருவிரலை அவள் குழந்தை மாதிரி முழுக் கையாலும் பற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. தூறல் நின்றுபோயிருந்தது. மூன்றாவது ஆளாக அந்த உடம்புக்குள் ஒடுங்கியிருந்த கமாவும் தெருவில் தன் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரும் வரவில்லை.